கர்த்தர், தேவன், ஆண்டவர், பிதா: எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது?

கேள்வி இதுதான்: ஜெபத்தில் கர்த்தாவே, தேவனே, ஆண்டவரே, பிதாவே என்று மாறி மாறி அழைக்கிறோமே, எல்லாம் ஒன்றா, வேறு வேறா? ‘யேகோவா’ என்ற உண்மையான பெயரைச் சொன்னால்தான் ஜெபம் போய்ச் சேரும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா? அப்புறம், பிதாவிடம்தான் ஜெபிக்க வேண்டுமா, நேராக இயேசுவிடம் ஜெபிக்கலாமா?

ஒரு தலைமையாசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பள்ளியில் எல்லாருக்கும் அவர் ‘சார்’. அவருடைய மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். வகுப்பில் அவளும் ‘சார்’ என்கிறாள், வீட்டுக்கு வந்ததும் ‘அப்பா’ என்கிறாள். ஆள் ஒருவர்தான். ஆனால் அவள் வாயில் வரும் சொல்லை வைத்தே அவள் எங்கே நின்று பேசுகிறாள் என்று சொல்லிவிடலாம். வேதாகமத்தில் கடவுளைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். ஒன்று தனிப்பெயர், சில பொதுப்பெயர்கள், சில பதவியைச் சொல்பவை, சில உறவைச் சொல்பவை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பொதுப்பெயரில் தொடங்குவோம். ஆதியாகமம் முதல் வசனத்தில் ‘தேவன்’ என்று வருவது எபிரெயத்தில் ‘எலோஹிம்’. வடிவத்தில் அது பன்மை, ஆனால் அதோடு சேரும் வினைச்சொல் ஒருமை. இதையே திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதற்கு, சான்றாகப் பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அந்த வாதம் பலவீனமாகவே படுகிறது. ஏனென்றால் பெலிஸ்தருடைய தாகோன், சீதோனியருடைய அஸ்தரோத் போன்ற ஒற்றைத் தெய்வங்களுக்கும் இதே சொல்தான் வருகிறது. மதிப்பைக் காட்டும் பன்மை என்று வைத்துக்கொள்ளலாம். ‘அவர்’ என்ற பலர்பால் சொல்லை ஒரே ஆளுக்கு மரியாதையாகப் பயன்படுத்துகிற நமக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. திரித்துவ நம்பிக்கைக்கு வேறு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, இந்த இலக்கணத்தின் மேல் அதை ஏற்றி வைக்க வேண்டியதில்லை.

இப்போது தனிப்பெயர். எரியும் முட்செடியின் முன்னால் மோசே கடவுளிடம் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும்: “உம்முடைய பெயர் என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வது?” அதற்குக் கிடைத்த பதில், “இருக்கிறவராக இருக்கிறேன்.” இந்த ‘இருத்தல்’ என்னும் வினையோடு ஒட்டித்தான் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்துப் பெயரை யாத்திராகமம் விளக்குகிறது. எபிரெய வேதத்தில் அது 6,800 முறைக்கு மேல் வருகிறது.

அதை எப்படி உச்சரித்தார்கள்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பண்டைய எபிரெய எழுத்தில் மெய்கள்தான் எழுதப்பட்டன. தமிழில் ‘ப்ட்ம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது படமா, பாடமா, பீடமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அன்றாடச் சொல் என்றால் பேச்சு வழக்கு காப்பாற்றிவிடும். ஆனால் இந்தப் பெயரை யூதர்கள் பயபக்தியால் வாய்விட்டுச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் அது வந்த இடமெல்லாம் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’ என்று வாசித்தார்கள். பிற்காலத்தில் மசோரெத்துகள் என்ற அறிஞர்கள் வேதப் பிரதிகளுக்கு உயிர்க்குறிகள் சேர்த்தபோது, அந்த நான்கு எழுத்துகளின் மேல் ‘அதோனாய்’ என்பதன் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். ‘இங்கே அதோனாய் என்று படி’ என்ற நினைவூட்டல் அது, அவ்வளவுதான். இந்த வழக்கம் தெரியாதவர்கள் ஒரு சொல்லின் மெய்யையும் இன்னொரு சொல்லின் உயிரையும் சேர்த்துப் படித்ததில் பிறந்த வடிவம்தான் ‘யேகோவா’. மூல உச்சரிப்பு ‘யாவே’ என்பதற்கு அருகில் இருந்திருக்கும் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆக, சரியான உச்சரிப்பில்தான் ஜெபத்தின் வல்லமை இருக்கிறது என்றால், அப்படிச் சொல்கிறவர் பயன்படுத்தும் வடிவமே தேர்வில் தேறாது. அதற்காக ‘யேகோவா’ என்று பாடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. பல தலைமுறைகளின் பக்தி அந்த வடிவத்தில் படிந்திருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இன்னொன்று, அந்தப் பெயர் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அல்லேலூயா என்பதன் கடைசி ‘யா’ அந்தப் பெயரின் சுருக்கம்தான், ‘யாவைத் துதியுங்கள்’ என்று பொருள். எலியா, ஏசாயா, எரேமியா எல்லாருடைய பெயரின் வாலிலும் அதே ‘யா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயேசு என்ற பெயருக்கு மூலமான யெகோசுவா என்பதற்கே ‘யாவே இரட்சிக்கிறார்’ என்றுதான் பொருள்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற மதக்குழுவினர் 1931-ல் இந்தப் பெயரையே தங்கள் அடையாளமாக ஏற்றார்கள். தங்கள் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டிலும் அதை இட்டிருக்கிறார்கள். ஆனால் நம் கைக்குக் கிடைத்திருக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் அந்த நான்கு எழுத்துகள் இல்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்புப் பிரதிகள் சிலவற்றில் உண்டு, அது வேறு விஷயம். பவுலும் லூக்காவும் பழைய ஏற்பாட்டை மேற்கோள் காட்டும்போது ‘கூரியோஸ்’ என்று எழுதினார்கள், அதாவது ‘ஆண்டவர்’. கத்தோலிக்கத் திருச்சபை 2008-ல், வழிபாட்டிலும் பாடலிலும் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று வத்திக்கானிலிருந்து எழுத்து மூலமாகவே அறிவுறுத்தியது. ஆக, ஒரு சபையில் உரக்கச் சொல்வதும் இன்னொன்றில் சொல்லாமல் விடுவதும், இரண்டுமே மரியாதையால்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் ஜெபிப்பது எபிரெயத்தில் அல்ல.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வசதி இருக்கிறது. நான்கெழுத்துப் பெயர் வரும் இடத்தில் ‘ஆண்டவர்’ என்பதற்கான சொல்லையே முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வேறுபடுத்திவிடுவார்கள். தமிழில் அது முடியாது. அதனால் புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் புழங்கும் 1871-ம் ஆண்டு மொழிபெயர்ப்பு ஒரு நல்ல வழி கண்டது. பழைய ஏற்பாட்டில் நான்கெழுத்துப் பெயருக்குக் ‘கர்த்தர்’, அதோனாய் என்பதற்கு ‘ஆண்டவர்’, எலோஹிம் என்பதற்குத் ‘தேவன்’. இந்தச் சாவி கையில் இருந்தால், 110-ம் சங்கீதம் “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி” என்று தொடங்குவது ஏன் என்று புரிந்துவிடும். இரண்டும் எபிரெயத்தில் வேறு வேறு சொற்கள். கிரேக்கத்தில் இரண்டும் ‘கூரியோஸ்’ ஆகிவிடுகிறது. திருவிவிலியம் என்ற பிற்கால மொழிபெயர்ப்பில் இதே இடம் ‘ஆண்டவர் என் தலைவரிடம்’ என்று வரும். எசேக்கியேலில் அடிக்கடி வரும் ‘கர்த்தராகிய ஆண்டவர்’ என்பதும் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் வரும் ‘தேவனாகிய கர்த்தர்’ என்பதும் அலங்காரத்துக்காக அடுக்கியவை அல்ல. மூலத்தில் இரண்டிரண்டு சொற்கள் இருக்கின்றன, அதனால் தமிழிலும் இரண்டு.

கர்த்தா என்றால் வடமொழியில் செய்பவர். ஆண்டவர் தமிழ்ச்சொல், ‘ஆள்’ என்ற வேரிலிருந்து வருவது. ‘இருக்கிறவர்’ என்று பொருள்தரும் பெயருக்கு ‘செய்பவர்’ என்ற சொல்லைப் போட்டது நேர்மொழிபெயர்ப்பு அல்ல என்று யாராவது குறை சொன்னால் அது சரிதான். ஆனால் ஒரு சொல்லை மூன்று தலைமுறை முழங்காலில் நின்று சொன்னால், அகராதிப் பொருள் பின்னால் போய்விடும். ‘கடவுள்’ என்பதற்கான சொல்லே தமிழில் எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள். கத்தோலிக்கர் வழக்கில் இருந்த ‘சர்வேசுரன்’ என்பதையே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டில் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-ல் ‘தேவன்’. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் ‘கடவுள்’. இவற்றில் எந்தச் சொல்லால் ஜெபித்தவரின் ஜெபம் கேட்கப்படாமல் போயிற்று என்று யாரும் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை!

இன்னொன்றும் தமிழுக்கே உரியது. அப்பாவிடம் ‘நீங்கள்’ என்கிறோம், நண்பனிடம் ‘நீ’ என்கிறோம். ஜெபத்தில் மட்டும் ‘நீர்’. எபிரெயத்திலோ கிரேக்கத்திலோ இந்த மரியாதைப் படிகள் இல்லை, அரசனுக்கும் அடிமைக்கும் முன்னிலைச் சொல் ஒன்றுதான். ‘நீர்’, ‘உம்முடைய’, ‘தேவரீர்’ எல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் நமக்குக் கொடுத்தவை. பேச்சில் பெரும்பாலோர் விட்டுவிட்ட ஒரு சொல் கடவுளுக்கென்றே ஒதுங்கி நிற்பது எனக்குப் பிடித்த விஷயம். சின்னப் பிள்ளைகள் ‘நீங்க’ என்று ஜெபித்தாலும் திருத்த வேண்டியதில்லை.

இனி, பட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். இளவயதில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ‘தேவனுடைய நாமங்கள்’ என்று தலைப்பிட்டு யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவா ஷாலோம், யேகோவா ஷம்மா என்று வரிசையாக எழுதி, எதிரே பொருளும் எழுதி வைத்திருந்தேன். பல வருடம் கழித்து அந்த வசனங்களைப் பொறுமையாகப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவை கடவுளுக்கு வைத்த பெயர்களே அல்ல. யேகோவாயீரே, ஈசாக்குக்குப் பதிலாகப் பலியிட ஆட்டுக்கடா கிடைத்த மோரியா மலைக்கு ஆபிரகாம் இட்ட பெயர். யேகோவாநிசி அமலேக்கியரோடு நடந்த போருக்குப் பின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யேகோவா ஷாலோம் கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர். தூதனைப் பார்த்துவிட்டோமே, செத்தோம் என்று நடுங்கியவனுக்கு “உனக்குச் சமாதானம், பயப்படாதே” என்று பதில் வந்த இடம் அது. யேகோவா ஷம்மா எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரத்தின் பெயர். அதாவது இவை நடந்ததை மறக்காமலிருக்க நட்டு வைத்த கற்கள். ‘யேகோவாயீரே’ என்று ஜெபிக்கிறவர் ஒரு மந்திரச் சொல்லை உச்சரிக்கவில்லை, “மோரியா மலையில் செய்தீரே, அதை நினைத்துக்கொண்டு கேட்கிறேன்” என்கிறார்.

உண்மையிலேயே கடவுளுக்குப் பெயரிட்ட ஒருத்தி இருக்கிறாள். ஆகார். எகிப்திலிருந்து வந்த அடிமைப்பெண், வயிற்றில் பிள்ளை, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடி ஒரு நீரூற்றருகே இருக்கிறாள். ஆதியாகமம் 16-ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஆபிராமும் சாராயும் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘அடிமைப்பெண்’ என்றுதான் சொல்கிறார்கள், ஒரு முறைகூடப் பெயர் சொல்வதில்லை. முதலில் பெயர் சொல்லி அழைப்பவர் அந்த ஊற்றருகே வந்த தூதர்: “ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய்?” பெயர் சொல்லி அழைக்கப்பட்டவள் பதிலுக்குப் பெயர் வைக்கிறாள்: “நீர் என்னைக் காண்கிற தேவன்.” எபிரெயத்தில் ‘ஏல் ரோயீ’. வேதாகமத்தில் கடவுளுக்கு ஒரு பெயரைச் சூட்டியதாக முதலில் சொல்லப்படுவது இவளைத்தான், ஆபிரகாமை அல்ல.

‘சேனைகளின் கர்த்தர்’ என்பதும் அப்படித்தான். கேட்டதும் போர்க்களம் நினைவுக்கு வரும். ஆனால் வேதாகமத்தில் இந்தப் பட்டத்தைச் சொல்லி முதன்முதலில் ஜெபித்தவள் அன்னாள், பிள்ளையில்லாமல் அழுதுகொண்டிருந்த பெண். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, ஆசாரியன் அவளைக் குடிகாரி என்று நினைக்கிறான். அந்த நிலையில் அவள் வானத்துச் சேனைகளுக்கெல்லாம் தலைவரை அழைக்கிறாள். பல நூற்றாண்டுகள் கழித்து யாக்கோபு நிருபத்தில் இந்தப் பட்டம் மறுபடி வருகிறது. அங்கேயும் போர் இல்லை. வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்ட பணக்காரர்களுக்கு எச்சரிக்கை: அந்தக் கூலிக்காரரின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டிருக்கிறது. ‘சர்வவல்லவர்’ என்ற ‘ஷத்தாய்’ பட்டம்கூட எங்கே அதிகம் தெரியுமா? பழைய ஏற்பாட்டில் 48 இடங்களில் வருவதில் 31 யோபு புத்தகத்தில். எல்லாவற்றையும் இழந்தவனைச் சுற்றி நடக்கும் வாக்குவாதத்தில்.

இயேசுவுக்கு வழங்கும் பட்டங்களில் ‘கிறிஸ்து’ என்பதைக் குடும்பப் பெயர்போல் சொல்லிப் பழகிவிட்டோம். அது ‘மேசியா’ என்பதன் கிரேக்கம், எண்ணெயால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். ஏசாயா 45-ல் பெர்சிய அரசன் கோரேசுக்கே இந்தச் சொல் வருகிறது. ‘மனுஷகுமாரன்’ என்றால் மனிதத்தன்மை, ‘தேவகுமாரன்’ என்றால் தெய்வத்தன்மை என்று பிரித்துச் சொல்வதும் பாதிதான் உண்மை. தானியேல் 7-ல் மனுஷகுமாரனைப்போன்றவர் வானத்து மேகங்களோடு வருகிறார், நித்திய ராஜ்யம் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. மறுபக்கம், பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் ஜனமும் தாவீதின் வம்சத்து அரசனும் கடவுளின் குமாரன் என்று அழைக்கப்படுகிறார்கள். பிரதான ஆசாரியன் முன்னால் இயேசு “மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதைக் காண்பீர்கள்” என்றபோதுதான் அவன் வஸ்திரத்தைக் கிழித்தான்.

‘கூரியோஸ்’ எவ்வளவு தூரம் நீளும் என்பதை யோவான் 20-ல் பார்க்கலாம். விடியற்காலையில் மகதலேனா மரியாள் கல்லறைக்கு வருகிறாள். “என் ஆண்டவரை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள்” என்று அழுகிறாள். திரும்பிப் பார்க்கிறாள், நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, “ஐயா, நீர் அவரை எடுத்துக்கொண்டு போனதுண்டானால்...” என்கிறாள். பிறகு சீஷரிடம் போய் “கர்த்தரைக் கண்டேன்” என்கிறாள். அதிகாரத்தின் பின்பகுதியில் தோமா, “என் ஆண்டவரே! என் தேவனே!” என்கிறான். தமிழில் ஆண்டவர், ஐயா, கர்த்தர், மறுபடி ஆண்டவர். கிரேக்கத்தில் நான்கு இடத்திலும் ஒரே சொல்தான். முன்பின் தெரியாத தோட்டக்காரரிடம் சொல்லும் மரியாதைச் சொல்லே, அதே அதிகாரம் முடிவதற்குள் கடவுளை வணங்கும் சொல்லாகிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு விலையும் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்துப் பேராயர் பொலிக்கார்ப்பிடம், “சீசர் ஆண்டவர் என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகிறது?” என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை, அதனால் கொல்லப்பட்டார்.

பிதாவுக்கு வருகிறேன். பழைய ஏற்பாட்டில் கடவுளைத் தகப்பன் என்று நேரடியாக அழைப்பது அரிது, ஏசாயா 63, 64-ஆம் அதிகாரங்களில் உண்டு. இயேசுவோ அதையே வழக்கமாக்கினார். கெத்செமனேயில் அவர் “அப்பா பிதாவே” என்றதாக மாற்கு எழுதுகிறார். இதில் நமக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ‘அப்பா’ தமிழ்ச்சொல் அல்ல, ‘அப்பா’ என்றே ஒலிக்கும் அரமேயச் சொல். மாற்கு அதை அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கப் பொருளையும் எழுதினார், அதுதான் ‘பிதாவே’. தமிழ் வாசகருக்கு மட்டும் இரண்டுமே தன் மொழியாகப் பட்டுவிடுகிறது. இது குழந்தை மழலையில் ‘டாடி’ என்று சொல்வதுபோன்றது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் 1988-ல் அதை மறுத்து எழுதினார். வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம், ஐம்பது வயதிலும் நாம் ‘அப்பா’ என்றுதானே சொல்கிறோம்.

மாற்கு, மத்தேயு எழுதிய சிலுவைக் காட்சியில் மட்டும் அந்தச் சொல் இல்லை. அங்கே இயேசு 22-ம் சங்கீதத்தின் வார்த்தையால் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்கிறார். எப்போதும் ‘பிதாவே’ என்றவர் வாயில் பொதுப்பெயர். ஆனால் முன்னால் ‘என்’ நிற்கிறது. ‘பிதாவே’ என்று சொல்ல வராத நாட்களில் ஜெபிக்கிறவர்களுக்கு, குறிப்பாகத் தகப்பனால் காயப்பட்டவர்களுக்கு, நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஆகவே எதைச் சொல்லி அழைப்பது என்றால், எதற்காகப் போகிறீர்களோ அதற்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள். பழைய லத்தீன் வழிபாட்டு மன்றாட்டுகளின் அமைப்பே இதுதான்: முதலில் விளிச்சொல், அடுத்து அவர் செய்ததோ அவருடைய குணமோ, அப்புறம் விண்ணப்பம். கண்ணில் படாமல் துன்பப்படுகிறவர் ‘என்னைக் காண்கிறவரே’ என்று தொடங்கலாம், அநியாயம் பட்டவர் ‘சேனைகளின் கர்த்தாவே’ என்று தொடங்கலாம். பட்டங்களை மூச்சுவிடாமல் அடுக்கினால் வேகம் கூடும் என்று எண்ணாதீர்கள். ‘இயேசுவின் நாமத்தில்’ என்பதும் அப்படித்தான். ஸ்கேவாவின் ஏழு குமாரர் அதைச் சூத்திரமாகச் சொல்லிப் பார்த்து, காயத்தோடும் நிர்வாணமாகவும் ஓடிய கதை அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. பரிசேயனும் ஆயக்காரனும் ஆலயத்தில் ஜெபித்த உவமையில் இருவருமே ‘தேவனே’ என்ற ஒரே சொல்லில்தான் தொடங்குகிறார்கள், ஆனால் ஏற்கப்பட்டது ஆயக்காரனின் ஜெபம்தான்.

கடைசிக் கேள்வி, யாரிடம். சபையின் வழக்கமான பாதை, ஆவியானவரில், குமாரன் வழியாக, பிதாவிடம். மத்தேயு 28-ல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் ‘நாமத்திலே’ என்று ஒருமையில்தான் இருக்கிறது. ஆனால் நேராக இயேசுவிடம் ஜெபிப்பதும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கல்லெறிபட்டுச் சாகும்போது ஸ்தேவான், “கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்” என்றான். பவுல் கிரேக்கம் பேசுகிற கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் ஒரு அரமேய ஜெபத்தை மொழிபெயர்க்காமலே விட்டுவைத்தார்: மாரநாதா, எங்கள் ஆண்டவரே வாரும். பரிசுத்த ஆவியை நோக்கிய ஜெபத்துக்குப் புதிய ஏற்பாட்டில் நேரடி உதாரணம் இல்லை, ஆனால் 381-ல் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தின் விசுவாச அறிக்கை அவரைப் பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்படுகிறவர் என்று சொல்லிவிட்டது. “பரிசுத்த ஆவியே வாரும்” என்று சபை பல நூற்றாண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது, நீங்களும் பாடலாம்.